தொட்டாச்சிணுங்கி என்று சொல்லாதீர்கள்!

மூன்று வருஷத்துக்கு முந்திய ஆடிப்பெருக்கு. பூதலூரில் எங்கள் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போனால் கல்லணைக் கால்வாய் வந்துவிடும். எங்களுக்கு அது 'புது ஆறு'. கரையெல்லாம் ஒரே கூட்டம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சளில் பிடித்த பிள்ளையார் எல்லாம் வைத்துப் படைத்தாயிற்று. பெண்கள் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார்கள். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மணிக்கட்டில் கட்டுவது வழக்கம். என் பேரனுக்கு அப்போது நாலு வயது. அவன் கையைப் பிடித்துச் சரட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்னும் முடிச்சுக்கூடப் போடவில்லை.

அவன் போட்ட கூச்சலில் கரையில் இருந்தவர்கள் பூரான்தான் கடித்துவிட்டது என்று ஓடி வந்துவிட்டார்கள்! சரட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு மணலில் விழுந்து புரள்கிறான். சரடு பட்ட இடத்தை இன்னொரு கையால் தேய்க்கிறான், தேய்க்கிறான், தோல் சிவந்து போகும் வரை தேய்க்கிறான்.

"ஒரு நூலுக்கா இந்தக் கூத்து? தொட்டாச்சிணுங்கியால்ல இருக்கான். செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க டீச்சர்" என்றாள் தெருக்காரப் பெண் ஒருத்தி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி என் மருமகளைப் பார்த்தேன். 'உன்னால்தான்' என்று வாயால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குப் புரியாமலா இருக்கும்?

முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவள் நான். எத்தனையோ முரண்டுப் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவந்தவள் என்ற கர்வம் வேறு. பேரனுடைய பிடிவாதத்தையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். புதுச்சட்டை போட்டால் கழுத்துப் பட்டையைக் கிழிப்பான். தலைவாரினால் ஓடுவான். முடிவெட்டப் போனால் கடைக்காரர், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்மா" என்று கையெடுத்துக் கும்பிடுவார். தீபாவளிக்கு எண்ணெய் வைத்தபோது இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நான் தேய்த்தேன். மூச்சு வாங்க வாங்க அழுதவன் அப்படியே சோர்ந்து தூங்கிப் போனான். "எண்ணெய்க் குளியல் சுகத்துல தூங்கறான் பாரு" என்று நான் பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. அறுப்பு முடிந்து முற்றத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கும்போது இந்தப் பிள்ளை நேரே போய் அந்தக் குவியலுக்குள் இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்துகொள்வான். நெல்லுச் சுணை நமக்கே அரிக்கும். அவனுக்கோ ஆனந்தம்! முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை மூடி இருப்பான். ஒரு தடவை கருவேல முள் உள்ளங்காலில் ஏறி, ரத்தத்தோடு வீடு முழுவதும் நடந்திருக்கிறான், அழவே இல்லை. தரையில் பொட்டுப் பொட்டாய் ரத்தத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. நூல் பட்டால் உயிர் போகிறது, முள் ஏறினால் தெரியவில்லை. இது எந்த ஊர்ப் பிடிவாதம்?

நாற்பது கேள்விகள்

அந்த ஆவணி மாதமே திருச்சியில் ஒரு குழந்தை நல டாக்டரிடம் போனோம். அவர் வேறொரு நிபுணரிடம் அனுப்பினார். பேச்சு வராதது, கூப்பிட்டால் திரும்பாதது, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் கேட்டார்கள். இந்தியப் பிள்ளைகளுக்கென்றே செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் தயாரித்த ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் நாற்பது அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். கூட்டினால் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. அதற்கு மேலே போகப் போகக் கடுமை அதிகம். அரசாங்கச் சான்றிதழுக்கும் இந்த அளவுகோல்தான். அந்த நாற்பதில் புலன்களைப் பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. சத்தம், வெளிச்சம், தொடுதல், வலி இதற்கெல்லாம் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கிறார்கள். நான் சரடு கதையையும் முள் கதையையும் சொன்னேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆட்டிசம் என்பதைத் தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. இவன் மதியில் ஒரு இறுக்கமும் இல்லை. ரயில் வரும் நேரமெல்லாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான், அவன் பாஷையில். அதனால் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதியதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு ரொம்ப காலம், 'அன்பில்லாத தாயால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது' என்று பெரிய பெரிய மேதைகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் இதை ஒரு புத்தகமாகவே போட்டார். அதற்கு மூன்று வருஷம் முன்பே, தானே ஒரு ஆட்டிசப் பிள்ளைக்குத் தகப்பனாரான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது மூளையின் அமைப்பைப் பொறுத்தது, தாய்மார்களைப் பழிக்காதீர்கள் என்று எழுதிவிட்டார். பழி நிற்க நாளாயிற்று. இதை என் மருமகள் எனக்குப் படித்துக் காட்டிய அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அந்த மேதைகளும் நானும் ஒரே ரகம்!

இன்னொன்று பாருங்கள். தொடுதல், சத்தம், ருசி இவற்றில் உள்ள வித்தியாசத்தை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக டாக்டர்களின் கையேட்டில் சேர்த்ததே 2013ல்தான். பெற்றவர்கள் அறுபது எழுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது.

தலையில் ஒட்டிய பொத்தான்கள்

இரண்டு தடவை பேரன் திடீரென்று விறைத்து நின்று ஒரே இடத்தை வெறித்தான். ஆட்டிசப் பிள்ளைகளில் கணிசமான பேருக்கு வலிப்பும் வரும் என்பதால் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையில் அங்கங்கே பசை தடவிச் சின்னச் சின்னப் பொத்தான் மாதிரி ஒட்ட வேண்டும். நூல் பட்டாலே தாங்காத பிள்ளைக்குத் தலையில் பசை! நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். எனக்குத் தீபாவளி எண்ணெய் ஞாபகம் வந்துவிட்டது. "விடுங்க, வேண்டாம், விட்டுடுங்க" என்று கத்திவிட்டேன். எடுக்காமலே வந்தோம்.

என் மருமகள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். அழுதுகொண்டு உட்காரவில்லை. வீட்டில் தினமும் பழைய வேட்டித் துண்டால் அவன் தலையில் இறுக்கமாக ஒரு கட்டுக் கட்டினாள். முதல் நாள் எண்ணிப் பத்து வரை. அப்புறம் இருபது. தோசை மாவை விரலில் தொட்டு அவன் கையில் ஒரு பொட்டு, தன் நெற்றியில் ஒரு பொட்டு, என் நெற்றியில் ஒரு பொட்டு. மூன்று வாரம் இந்த விளையாட்டு. பிறகு வேறோர் இடத்துக்குப் போனோம். அங்கே இருந்த டெக்னீஷியன் பெண் தங்கமானவள். முதலில் பொத்தானை அவன் கையிலேயே கொடுத்து ஒட்டிப் பார்க்கச் சொன்னாள். தூக்க நேரம் பார்த்து எடுத்து முடித்தாள். வலிப்புக்கான அறிகுறி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், இதுல அவனுக்குத் தொட்டா ஏன் அப்படி இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. இது வலிப்புக்குப் பார்க்கற டெஸ்ட். நீங்க கேக்கறதை ஆராய்ச்சிக்கூடத்துலதான் பார்க்கறாங்க. ஆனா கேள்வி நல்ல கேள்வி" என்றார்.

அந்த நல்ல கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மாமியாரும் மருமகளும் பல ராத்திரி படித்தோம். அவள் இங்கிலீஷில் படித்துச் சொல்லுவாள். நான் புரிகிறவரை விடமாட்டேன்.

மூளையில் ஒரு கையும் ஒரு உதடும்

தொட்டால் என்ன நடக்கிறது? தோலில் இருக்கிற நரம்பு நுனிகள் அழுத்தத்தை மின்சாரத் துடிப்பாக மாற்றுகின்றன. இந்த மாற்றத்தைச் செய்கிற புரதங்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஆர்டெம் படபூடியன் என்பவருக்கு 2021ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துடிப்பு முதுகுத்தண்டு வழியாக ஏறி மூளைக்குப் போகிறது. அங்கே தொடு உணர்ச்சிக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை ஹேர்பேண்ட் வைத்தால் எப்படி, கிட்டத்தட்ட அப்படி. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, "எங்கே தெரிகிறது?" என்று கேட்டு 1937ல் இதற்கு ஒரு வரைபடமே போட்டார். அந்தப் படத்தில் முதுகு சின்னது. விரல்களும் உதடும் பென்னம்பெரிசு. அம்மியில் அரைத்த சட்னியில் ஒரு மண் இருந்தால்கூட நாக்குக் கண்டுபிடிக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

கைக்கு உண்டான இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்தின் இடம். சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜில் படித்த நம் டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையின் கட்டைவிரலைத் தொடுகிறார்கள் என்று அவர் சொன்னதை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். தோலில் படுவது ஒன்று, மூளை அதை என்னவென்று எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. இதைக் கேட்டதும் எனக்குச் சரடு ஞாபகம்தான் வந்தது.

சரி, மூளை எடுத்துக்கொள்வதை எப்படி அளப்பது? மனித மூளையின் மின்சாரத்தை முதன்முதலில் 1924ல் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர். டார்ச் லைட் பாட்டரி ஒன்றரை வோல்ட் என்கிறோம். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் ஐம்பது, நூறு பங்கு எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் தலைக்கு மேலே கிடைக்கும். விரலில் ஒரு தட்டுத் தட்டினால் எழும் அலை அதைவிடவும் சின்னது. கண்ணைச் சிமிட்டினாலே அந்த அலை அமுங்கிப் போகும். அதனால் ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான தட்டுகள் தட்டி, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்க்கிறார்கள். முறத்தில் புடைக்கிறோமே, அதே வேலைதான். பதர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பறந்துவிடும். தட்டுக்குச் சொந்தமான அலை மட்டும் நெல்லாக நிற்கும். மணிக்கட்டு நரம்பில் தூண்டினால் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் செய்தி மூளைப் பட்டைக்குப் போய்விடுகிறதாம்.

இன்னொரு கருவி எம்.ஈ.ஜி. மூளையின் மின்சாரத்தால் உண்டாகும் துளி காந்தத்தை அது அளக்கிறது. சலூனில் தலை உலர்த்துகிற கருவி மாதிரி பெரிய தொப்பிக்குள் தலையை வைத்து உட்கார வேண்டும். தலையெல்லாம் பசை பூச வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வரம். பெங்களூர் நிம்ஹான்ஸில் இந்தக் கருவி இருக்கிறது. ஆனால் ஆடாமல் இருக்க வேண்டுமே! மூன்றாவது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே ரத்த ஓட்டத்தைப் பார்த்து எந்த இடம் வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது. அந்தக் குழாய்க்குள் போடுகிற சத்தம் தனி இம்சை.

குறைவா, அதிகமா?

சான்பிரான்சிஸ்கோவில் எலிசா மார்கோ என்ற டாக்டரம்மாவும் சகாக்களும் ஏழிலிருந்து பதினொரு வயதுப் பையன்களின் விரல் நுனியில் மெல்லிய காற்றுத் தட்டு கொடுத்து எம்.ஈ.ஜி.யில் பார்த்தார்கள். முடிவு 2012ல் வந்தது. மெதுவாக வந்த தட்டுகளுக்கும், நடுவில் வித்தியாசமாக வந்த தட்டுகளுக்கும் ஆட்டிசப் பையன்களின் தொடு உணர்ச்சிப் பட்டையில் எழுந்த அலை மற்றப் பையன்களுடையதைவிடச் சின்னதாக இருந்தது. சின்னது! நான் பெரிதாக இருக்கும் என்றல்லவா எதிர்பார்த்தேன்?

"தப்பாப் படிச்சியா?" என்று மருமகளைக் கேட்டேன். "இல்லை அத்தை, சின்னதுதான்" என்றாள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு விதமாகப் பார்த்தார்கள். 19 ஆட்டிசப் பிள்ளைகள், 19 மற்றப் பிள்ளைகள். ஸ்கேனுக்குள் படுக்க வைத்துக் கையில் சொரசொரவென்ற கம்பளித் துணியைத் தேய்த்தார்கள். கூடவே எரிச்சலூட்டும் சத்தம். 2015ல் வெளியான இந்த ஆய்வில் ஆட்டிசப் பிள்ளைகளின் மூளை அதிகமாகத் துள்ளியது. பயத்துக்கும் எச்சரிக்கைக்கும் உரிய அமிக்டலா என்ற பகுதியும் சேர்ந்து துள்ளியது. முக்கியமானது இனிமேல்தான். மற்றப் பிள்ளைகளுக்குத் தேய்க்கத் தேய்க்க மூளை பழகி அடங்கிவிட்டது. தொடுதலும் சத்தமும் தாங்காத ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அடங்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது என்று சொல்லுவேன். காலையில் கட்டிய புடவை பத்து நிமிஷத்தில் உடம்பில் இருப்பதே தெரியாமல் போகிறது நமக்கு. தாலிச்சரடு கழுத்தில் கிடக்கிறது, நாள் முழுக்க நினைக்கிறோமா? அந்த மறதி என் பேரனுக்குக் கிடையாது. சரடு கட்டிய முதல் வினாடி எப்படியோ, ஆயிரமாவது வினாடியும் அவனுக்கு அப்படியே. டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா 2014ல் ஒரு யோசனை சொன்னார். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி ஊகிக்கும் வேலை ஆட்டிசத்தில் சரியாக நடப்பதில்லை, அதனால் எல்லாமே புதிதாக, திடுக்கென்று வருகிறது என்பது அவர் கருத்து. முடிந்த முடிவல்ல. ஆனாலும் எங்கள் வீட்டுக்குப் பொருந்தி வருகிறது.

அப்படியானால் சின்ன அலை? தட்டைத் தட்டாகக் கண்டுகொள்வது ஒரு வேலை. அதற்குப் பதறுவதும், பிறகு அடங்குவதும் வேறு வேலை. ஒரே பிள்ளையிடம் ஒன்று குறைவாகவும் இன்னொன்று அதிகமாகவும் இருக்கலாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் மூளையில், நரம்புத் துடிப்பை அடக்குகிற காபா என்ற ரசாயனத்தை நிக்கோலாஸ் பட்ஸ் குழுவினர் ஸ்கேனிலேயே அளந்து 2017ல் எழுதினார்கள். தொடு உணர்ச்சிப் பகுதியில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அது குறைவாக இருந்தது. பிரேக் கொஞ்சம் தளர்வு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஹார்வர்டில் டேவிட் கிண்டியும் லாரன் ஒரிஃபிஸும் எலிகளில் செய்தது இன்னும் விசித்திரம். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்களை மூளையை விட்டுவிட்டு, தோலிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்புகளில் மட்டும் மாற்றினார்கள். அந்த எலிகள் காற்று ஊதினாலே துள்ளின. வளர்ந்த பிறகு மற்ற எலிகளோடு சேராமல் ஒதுங்கின. 2016ல் வந்த முடிவு இது. எலிதான், பிள்ளையல்ல. ஆனாலும், தொட்டால் எரிகிறவன் நாலு பேரோடு சேர்ந்து எப்படி விளையாடுவான் என்ற கேள்வி நம் வீட்டுக் கேள்வியும் அல்லவா?

நெல் குவியலுக்கு வருகிறேன். லேசாக வருடுவதற்கென்றே தனி நரம்பு இருக்கிறது. முக்கியமாக ரோமம் உள்ள தோலில். வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர் போல, தாய் பிள்ளையைத் தடவுகிற வேகத்தில் வருடினால் அது நன்றாக விழிக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் மெல்லிய பிரஷ்ஷால் முன்கையை வருடிப் பார்த்து 2016ல் எழுதினார்கள். அந்த அன்பான வருடலுக்கு மூளையின் சமூக உணர்வுப் பகுதிகளில் எழும் செயல்பாடு ஆட்டிசப் பிள்ளைகளுக்குக் குறைவு. அழுத்தம் வேறு சங்கதி. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற ஆட்டிசப் பெண்மணி, யாராவது கட்டிக்கொண்டால் தாங்காமல் ஓடுகிறவர், மாட்டுக்கு ஊசி போடும்போது இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதினெட்டு வயதில் தனக்கென்று ஓர் அழுத்தும் பெட்டி செய்துகொண்டார். அதற்குள் போனால் மனசு அடங்கியதாம். பின்னாளில் பேராசிரியராகவும் ஆனார். எங்கள் பிள்ளை பெட்டி செய்துகொள்ளவில்லை. முற்றத்து நெல்லே போதுமாக இருந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனுக்குள் அசையாமல் படுக்கிற, சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளைகளைத்தான் இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்க முடிகிறது. பத்தொன்பது பேர், இருபது பேர் என்று சின்னக் கணக்கு வேறு. பேச்சே வராத, ஓடிக்கொண்டே இருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளின் மூளையை இன்னும் யாரும் சரியாகக் கேட்டுப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

பணம் பிடுங்குகிறவர்கள்

இந்தப் படிப்பால் எங்களுக்கு ஒரு லாபம் உடனே கிடைத்தது. "பிரெயின் மேப்பிங் எடுத்தா ஆட்டிசம் எவ்வளவுன்னு துல்லியமாச் சொல்லிடலாம், அதுக்கேத்த ட்ரீட்மென்ட்டும் இருக்கு" என்று ஒருவர் கலர் கலராகப் படம் காட்டினார். என் மகன் அரை மனசாக இருந்தான். தனி ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று ஈ.ஈ.ஜி.யோ ஸ்கேனோ சொல்லாது. ஆய்வுகளெல்லாம் இரண்டு கூட்டத்தின் சராசரியை ஒப்பிடுவதுதான். பிள்ளையைப் பார்த்து, பெற்றவர்களைக் கேட்டு, நிபுணர் சொல்வதுதான் இன்றைக்கும் வழி. மருமகள் இதை எடுத்துச் சொன்னதும் மகன் பணத்தை உள்ளே வைத்துவிட்டான். ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022லேயே சொல்லியாயிற்று. நகையை அடகு வைக்கிறதற்கு முன்னால் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளைச் சோதிக்க வருகிற அரசாங்க டாக்டர்கள் குழுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். 2013ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வளர்ச்சிக் குறைகளும் சேர்த்திதான். மாவட்டத்தில் இதற்கென்று உள்ள மையத்துக்கு அனுப்புவார்கள். 2016ம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசத்துக்குச் சான்றிதழும் உரிமையும் உண்டு.

எங்கள் வீட்டில் மாறியவை

புதுச்சட்டையை நாலு தடவை துவைத்த பிறகுதான் போடுகிறோம். கழுத்துச் சீட்டைப் பிரித்தெடுத்து, தையல் வெளியே இருக்கும்படி உள்சட்டையைத் திருப்பிப் போடுகிறோம். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். பின்னால் இருந்து யாரும் தொடுவதில்லை. "தம்பி, கையைப் பிடிக்கப் போறேன்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பிடிக்கிறோம். பிடித்தால் உள்ளங்கை முழுவதும் பதிய அழுத்தமாக. விரல் நுனியால் தடவுவதே கிடையாது. நகம் வெட்டுவது குளித்த பிறகு, நகம் ஊறியிருக்கும்போது. முடிவெட்டுகிறவர் வீட்டுக்கே வந்து, கத்தரியை முதலில் அவன் கையில் கொடுத்து, மூன்று நாளில் மூன்று தவணையாக வெட்டினார். புண்ணியவான்.

எண்ணெயை விட்டேனா என்கிறீர்களா? விடவில்லை! கிண்ணத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். முதலில் என் தலையில் அவன் வைப்பான், அப்புறம் தன் முழங்காலில். தலைக்குப் போக ஒரு வருஷம் ஆயிற்று. அழாமல் போயிற்று. கால், கையில் அடிபட்டிருக்கிறதா என்று தினம் படுக்கும்முன் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. முள் ஏறினால் அவன் சொல்ல மாட்டானே.

கனமான போர்வை வாங்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. இங்கிலாந்தில் 67 பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2014ல் எழுதியிருக்கிறார்கள்: தூக்கம் ஒன்றும் கூடவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. விலையைக் கேட்டோம். பழைய மெத்தை உறையில் நெல்லைப் பாதி நிரப்பித் தைத்துத் தொடைமேல் வைத்தோம், விழித்திருக்கும் நேரத்தில் மட்டும். தைத்த கூலி நாற்பது ரூபாய்.

இந்த ஆடிப்பெருக்குக்குப் புது ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் கரை புரண்டது. பேரனுக்கு ஏழு வயது. கூட்டத்திலிருந்து தள்ளிப் படித்துறை ஓரமாக உட்கார்ந்தோம். மருமகளுக்கு நான் சரடு கட்டினேன், அவள் எனக்குக் கட்டினாள். மீதி ஒரு சரட்டைப் பக்கத்தில் வைத்தோம். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எடுத்து மூக்கருகே வைத்து மஞ்சள் வாசனை பார்த்தான். அப்புறம் போய் அவன் அப்பா சைக்கிளின் ஹாண்டில்பாரில் சுற்று சுற்று என்று சுற்றி, முடிச்சுப் போடத் தெரியாமல் என் கையை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைத்தான். நான் முடிச்சுப் போட்டேன்.